ஒரு கிளிப்புக்கு மட்டும் எஃபெக்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வரியில், ஒரு சொல்லில், ஒரே ஒரு டிரம் அடியில் மட்டும் எஃபெக்ட் (ஒலியின் தன்மையை மாற்றும் கருவி) போட வேண்டும், மீதி அப்படியே இருக்க வேண்டும். மிக்ஸிங் (பதிவு செய்த ஒலிகளைக் கலந்து பாடலாக்குவது) பழகுகிற எல்லோரும் என்றாவது ஒரு நாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். அப்போது எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தில் பதில் இருக்காது. சிலவற்றுக்கு ஒரு வரி போதும், சிலவற்றில் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

கிளிப் எஃபெக்ட் என்றால் என்ன?

டைம்லைனில் கட்டம் கட்டமாகத் தெரியும் ஒலித்துண்டுதான் கிளிப். ஒவ்வொரு மென்பொருளும் அதை ஒவ்வொரு பெயரில் கூப்பிடுகிறது. ப்ரோ டூல்ஸில் கிளிப், லாஜிக்கில் ரீஜன், கியூபேஸிலும் ஸ்டூடியோ ஒன்னிலும் ஈவென்ட், ரீப்பரில் ஐட்டம், சாம்ப்ளிடியூடில் ஆப்ஜெக்ட். பெயர் எதுவானாலும் பொருள் ஒன்றுதான். இந்தப் பதிலெல்லாம் நான் கிளிப் என்றே சொல்கிறேன்.

டிராக்கில் (துண்டுகள் வரிசையாக ஓடும் தடம்) ஒரு ஈக்யூ (தாழ்ந்த, உயர்ந்த ஓசைகளைக் கூட்டிக் குறைக்கும் எஃபெக்ட்) போட்டால் அந்த டிராக்கில் ஓடும் அத்தனை துண்டுகளும் அதற்குள் நுழைந்துதான் வெளியே வரும். கிளிப்பில் போட்டால் அந்த ஒரு துண்டு மட்டும் நுழையும். துண்டை இழுத்து வேறு இடத்தில் வைத்தால் எஃபெக்ட்டும் கூடவே போகும். டிராக்கில் ஆட்டோமேஷன் (நேரத்துக்கேற்ப அமைப்பைத் தானே மாற்றும் கோடு) எழுதி வேண்டிய இடத்தில் மட்டும் எஃபெக்ட்டைத் திறந்து மூடுவதும் ஒரு வழிதான். ஆனால் பிறகு பல்லவியை நான்கு பார் தள்ளி வைத்தால் ஆட்டோமேஷனும் சேர்ந்து நகர்ந்ததா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். கிளிப் எஃபெக்ட்டில் அந்தக் கவலை இல்லை.

ஒலி எந்த வரிசையில் போகிறது?

பெரும்பாலான மென்பொருள்களில் கோப்பிலிருந்து கிளிப், கிளிப்பிலிருந்து டிராக்கின் ப்ளக்இன்கள் (எஃபெக்ட் மென்பொருள்கள்), அதன் பிறகு ஃபேடர் (டிராக்கின் ஒலியளவுக் கட்டை), அப்புறம் பஸ் (பல டிராக்குகள் சேரும் வழி), கடைசியில் மாஸ்டர் (எல்லாம் சேர்ந்து வெளியேறும் இடம்). அதாவது கிளிப்பில் செய்வது எல்லாவற்றுக்கும் முன்னால் நடக்கிறது.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. டிராக்கில் கம்ப்ரஸர் (சத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் அமுக்கும் எஃபெக்ட், அந்த எல்லைதான் திரெஷோல்டு) இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல் அமுங்கிக் கேட்கிறது என்று கிளிப்பில் 4 டெசிபெல் ஏற்றுகிறீர்கள். டிராக் கம்ப்ரஸர் 4:1 என்ற விகிதத்தில், அந்தச் சொல்லைத் திரெஷோல்டுக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தால், வெளியே வருவது 1 டெசிபெல் ஏற்றம்தான். நீங்கள் ஏற்றிய மிச்சத்தை அது விழுங்கிவிடும். "கிளிப்பில் ஏற்றினேன், ஒன்றுமே ஆகவில்லை" என்ற புகாருக்குப் பாதி காரணம் இதுதான். அந்தச் சொல் உண்மையிலேயே முன்னுக்கு வர வேண்டுமானால் ஃபேடர் ஆட்டோமேஷனைத் தொடுங்கள். அது கம்ப்ரஸருக்குப் பின்னால் இருக்கிறது. சொல் கம்ப்ரஸரைச் சமமாகத் தொட வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் கிளிப்.

கிளிப் ஃபேடும் (ஓரத்தில் ஒலி மெல்ல எழுவது அல்லது அடங்குவது) கிளிப் எஃபெக்ட்டும் எந்த வரிசையில் வருகின்றன என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். உங்களுடையதில் எப்படி என்று ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம். ஒரு கிளிப்புக்கு நீளமான ஃபேட் அவுட் கொடுங்கள், அதே கிளிப்பில் முரட்டுத்தனமான டிஸ்டார்ஷன் ஒன்றைப் போடுங்கள். சத்தம் குறையக் குறைய ஒலி சுத்தமாகிக்கொண்டே போனால் ஃபேட் முதலில் நடக்கிறது. கடைசி வரை அதே கரகரப்போடு அடங்கினால் எஃபெக்ட் முதலில்.

எதைக் கிளிப்பில் போடுவது, எதை டிராக்கில் போடுவது?

நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே ஒன்று: இந்தக் குறை அல்லது இந்த யோசனை குரலுக்கே உரியதா, அந்த ஒரு நொடிக்கு மட்டும் உரியதா?

பாடியவரின் குரல் முழுக்கக் கொஞ்சம் மூக்கடைத்தது போல இருக்கிறதென்றால் அது குரலின் குணம். ஈக்யூவை டிராக்கில் போடுங்கள். மூன்றாவது வரியில் மைக்கிலிருந்து தலையைத் திருப்பியதால் அந்த ஒரு வரி மட்டும் மங்கிப்போயிருந்தால் அது அந்த நொடியின் குறை. கிளிப்பில் போடுங்கள். வேறொரு நாளில் மறுபடி ரெக்கார்ட் செய்த ஒரு வரி பழைய வரிகளோடு ஒட்டவில்லை, அதுவும் கிளிப்தான். கிளிப்பில் ஒட்ட வைத்துவிட்டால் அதற்கப்புறம் டிராக்கில் உள்ள எல்லாமே இரண்டையும் ஒரே குரலாகப் பார்க்கும்.

பத்துக் கிளிப்புகளில் ஒரே ஈக்யூவை ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் நிறுத்திவிடுங்கள். அது டிராக்கின் வேலை. இல்லாவிட்டால் அந்தப் பத்தையும் தனி டிராக்குக்கு இறக்கிவிடலாம்.

என் மென்பொருளில் இந்த வசதி இருக்கிறதா?

மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

ஓடும்போதே கிளிப்பில் எஃபெக்ட் வேலை செய்யும் வகை முதலாவது. ரீப்பரில் ஐட்டத்தைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் + ஈ அழுத்தினால் அதற்கான எஃபெக்ட் சங்கிலி திறக்கும். அங்கே அதற்கு டேக் எஃப்எக்ஸ் என்று பெயர். ஸ்டூடியோ ஒன்னில் இன்ஸ்பெக்டரில் ஈவென்ட் எஃப்எக்ஸ் இருக்கிறது. கேக்வாக் சோனார் குடும்பத்தில் கிளிப்புக்கென்றே தனி எஃபெக்ட் பெட்டி உண்டு. ஆர்டரிலும் ரீஜனுக்கு எஃபெக்ட் போடலாம். சாம்ப்ளிடியூட் இந்தச் சிந்தனையையே அடித்தளமாக வைத்துக் கட்டப்பட்டது. அங்கே ஆப்ஜெக்ட் எடிட்டரைத் திறந்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு குட்டி மிக்ஸர் சேனல் போல நிற்கும். ப்ரோ டூல்ஸில் 2016இல் கிளிப் எஃபெக்ட்ஸ் வந்தது. ஆனால் அதில் நீங்கள் விரும்பும் எந்த ப்ளக்இன்னையும் போட முடியாது. அவர்களே தரும் ஈக்யூ, ஃபில்டர், டைனமிக்ஸ் மட்டும்தான். மேல்நிலைப் பதிப்பில்தான் அவற்றைத் திருத்தவும் முடியும்.

எஃபெக்ட்டைத் துண்டின் மேலேயே பதித்துப் புதுக் கோப்பாக எழுதும் வகை இரண்டாவது. ப்ரோ டூல்ஸின் ஆடியோசூட், லாஜிக்கில் 10.3 பதிப்போடு 2017இல் வந்த செலக்ஷன் பேஸ்டு ப்ராசஸிங், அடாசிட்டியில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து மெனுவிலிருந்து போடும் எஃபெக்ட்கள் எல்லாம் இந்த ரகம். அடாசிட்டியில் 3.2 பதிப்பிலிருந்து ஓடும்போதே வேலை செய்யும் எஃபெக்ட்கள் உண்டு, ஆனால் அந்தப் பதிப்பில் அவை டிராக் முழுமைக்குமாக வந்தவை.

கியூபேஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எஃப்7 அழுத்தினால் வரும் டைரக்ட் ஆஃப்லைன் ப்ராசஸிங் ஒலியை உடனே பதித்துவிடும். ஆனால் என்னென்ன செய்தீர்கள் என்ற பட்டியல் ஒவ்வொரு கிளிப்பிலும் அப்படியே நிற்கும். ஆறு மாதம் கழித்து வந்து நடுவிலுள்ள ஒரு படியை மட்டும் மாற்றலாம், எடுத்துவிடலாம். எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்த ஏற்பாடு இது. கணினிக்குச் சுமையும் இல்லை, திரும்பிப் போகும் வழியும் மூடவில்லை.

கிளிப்பில் நேரடியாகப் போட வழியில்லாதவை மூன்றாவது வகை. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

ஏபிள்டன் லைவில் கிளிப்புக்கு எஃபெக்ட் போட முடியவில்லையே?

முடியாது. எஃபெக்ட் எப்போதும் டிராக்கில்தான் உட்காரும். ஆனால் லைவில் கிளிப் என்வலப் என்று ஒன்று இருக்கிறது. டிராக்கில் உள்ள எஃபெக்ட்டின் எந்தக் குமிழையும் ஒரு கிளிப்புக்குள்ளிருந்தே திருகலாம். டிராக்கில் ஒரு ஃபில்டரைத் திறந்த நிலையில் விட்டுவிட்டு, ஒரு கிளிப்பின் என்வலப்பில் மட்டும் அதை மூடச் சொன்னால் அந்தக் கிளிப் ஓடும்போது மட்டும் ஃபில்டர் வேலை செய்யும். கிளிப்பை நகர்த்தினால் என்வலப்பும் சேர்ந்தே நகரும். பார்க்கப்போனால் கிளிப் எஃபெக்ட் தரும் பலனில் முக்கால்வாசி இதிலேயே கிடைத்துவிடுகிறது.

எஃப்எல் ஸ்டூடியோவில் ஒவ்வொரு ஆடியோ கிளிப்புக்கும் ஒரு சேனல் உண்டு. அந்தச் சேனலை மிக்ஸரில் தனி இன்சர்ட்டுக்குத் திருப்பிவிட்டு அங்கே எஃபெக்ட் போட வேண்டியதுதான். ஒரு கிளிப்பின் நகல்களில் ஒன்றுக்கு மட்டும் எஃபெக்ட் வேண்டுமென்றால் முதலில் 'மேக் யுனீக்' கொடுத்து அதைப் பிரித்துவிடுங்கள். மறந்தால் எல்லா நகல்களும் சேர்ந்து மாறும்.

கிளிப் கெயினும் ஒரு எஃபெக்ட்தானா?

கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. எஃபெக்ட் தேடிப் போகிறவர்களில் பாதிப் பேருக்குத் தேவை கெயின்தான், அதாவது துண்டின் ஒலியளவை ஏற்றி இறக்குவது. 'ஸ' ஓசை காதைக் குத்துகிறதா? டி-எஸ்ஸரைத் தேடும் முன் அந்த 'ஸ்' மட்டும் இருக்கும் துண்டை வெட்டி 3 முதல் 5 டெசிபெல் இறக்கிப் பாருங்கள். வேவ்ஃபார்மில் அதைக் கண்டுபிடிப்பது சுலபம். உயிரெழுத்துகள் அலை அலையாகத் தெரியும், 'ஸ' மட்டும் அடர்த்தியான கம்பளிப்பூச்சி மாதிரி படுத்திருக்கும். மூச்சு வாங்கும் சத்தம் துருத்திக்கொண்டு கேட்டால் அதையும் இப்படியே இறக்கலாம். முழுக்க அழிக்க வேண்டாம். மூச்சே விடாமல் பாடும் குரல் கேட்பவருக்கும் மூச்சுமுட்டும்.

'ப' வரும் இடத்தில் மைக்கில் காற்று அடித்து 'பொம்' என்று கேட்கிறது. எப்படிச் சரிசெய்வது?

கிளிப் எஃபெக்ட் எதற்காகப் பிறந்ததோ அந்த வேலை இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'பனி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். உதடு திறக்கும்போது வெளியேறும் காற்று மைக்கின் தகட்டை நேராகத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் பெரும்பாலும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வாழ்கிறது. நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால் சொல்லின் தொடக்கத்தில் ஒன்றிரண்டு அகலமான, மெதுவான அலைகள் மேலும் கீழும் போய்வரும். அதற்கடுத்து நெருக்கமான, ஒழுங்கான அலைகள் தொடங்கும் இடம்தான் 'அ' என்ற உயிரோசை. எல்லை கண்ணாலேயே தெரியும்.

முதல் வெட்டை அந்த அகல அலை தொடங்கும் முன் போடுங்கள். இரண்டாவது வெட்டை உயிரோசை ஆரம்பித்த உடனே. நடுவில் கிடைப்பது ஒரு பொடித்துண்டு, பெரும்பாலும் 100 மில்லிசெகண்டுக்குள் அடங்கிவிடும். அதில் மட்டும் ஒரு ஹை பாஸ் ஃபில்டரை (தாழ்ந்த ஓசையை வெட்டுவது) போட்டு 120 முதல் 150 ஹெர்ட்ஸில் வையுங்கள். சரிவு ஆக்டேவுக்கு 24 டெசிபெல். பிறகு இரண்டு வெட்டுகளிலும் 5 முதல் 10 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேட் (ஒரு துண்டு அடங்க அடங்க அடுத்தது எழுவது). கேட்டுப் பாருங்கள், 'ப' இருக்கும், 'பொம்' இருக்காது.

இதே ஃபில்டரை ஏன் டிராக் முழுக்கப் போடக்கூடாது? ஆண் குரலாக இருந்தால் அடிச்சுருதியே பல நேரம் 100 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் நிற்கிறது. 150 ஹெர்ட்ஸில் செங்குத்தாக வெட்டினால் 'பொம்' போகும், கூடவே குரலின் நெஞ்சும் போகும். ஒரு பாடலில் மூன்று இடத்தில் காற்று அடித்ததற்காக மூன்றரை நிமிடக் குரலை மெலிய வைப்பது நியாயமில்லை.

ஃபில்டர் போட்டும் போதவில்லையா? துண்டின் கெயினை இன்னும் 3 டெசிபெல் இறக்குங்கள். அதற்கும் அடங்காதென்றால் பாடியவர் மைக்கை விழுங்கிக்கொண்டிருந்தார் என்று அர்த்தம். அதே சொல் வேறு இடத்தில் நன்றாக வந்திருக்கிறதா என்று தேடி எடுத்து ஒட்டிவிடுங்கள்.

கிளிப்பில் ரிவெர்ப் போட்டேன். கிளிப் முடிந்ததும் கதவைச் சாத்தியது போல ஒலி நின்றுவிடுகிறது. ஏன்?

கிளிப் முடிகிற இடத்தில் அந்த எஃபெக்ட்டுக்கும் ஆயுள் முடிந்துவிடுகிறது. ரிவெர்பின் (அறையில் ஒலி எதிரொலித்து அடங்குவதைப் போலச் செய்யும் எஃபெக்ட்) வால் இரண்டு வினாடி நீளம் என்றால் அந்த இரண்டு வினாடியும் கிளிப்புக்கு வெளியே விழுகிறது. சில மென்பொருள்கள் வாலுக்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்கும் அமைப்பை வைத்திருக்கின்றன. ரீப்பரிலும் ஸ்டூடியோ ஒன்னிலும் அதைக் கூட்டலாம். அப்படி ஒன்று இல்லாவிட்டால், கிளிப்பின் வலது ஓரத்தை இழுத்து நீட்டி (அங்கே சத்தமில்லாத பகுதி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மௌனத்தைச் சேர்த்து ஒட்டி) வாலுக்கு இடம் கொடுங்கள்.

வரியின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் எதிரொலி வேண்டும். கிளிப்பில் டிலே போடலாமா?

போடலாம். ஆனால் நான் போடுவதில்லை. மேலே சொன்ன வால் பிரச்சினை இங்கேயும் வரும். அதோடு அடுத்த வரி தொடங்கும்போது எதிரொலியைக் கொஞ்சம் அமுக்க வேண்டும் என்று தோன்றும். கிளிப்புக்குள் அடைத்துவிட்டால் அதற்குக் கைப்பிடி கிடைக்காது.

நான் செய்வது இது: ஒரு டிராக்கைத் திறந்து அதில் 100 சதவீதம் ஈரமான டிலேயைப் போட்டு வைத்துவிடுவேன், அதாவது மூல ஒலி கலக்காமல் எதிரொலி மட்டும் வரும்படி. எந்தச் சொல்லுக்கு எதிரொலி வேண்டுமோ அந்தத் துண்டை நகலெடுத்து, நேரம் பிசகாமல், நேர் கீழே இந்த டிராக்கில் போடுவேன். அவ்வளவுதான். எந்தெந்தச் சொல்லுக்கு எதிரொலி என்பது டைம்லைனில் கண்ணுக்கு முன்னால் தெரியும். வேண்டாம் என்றால் துண்டை அழித்துவிடலாம். எதிரொலியின் அளவுக்குத் தனி ஃபேடரும் கிடைத்துவிட்டது.

நேரத்தைக் கணக்குப் போட விரும்பினால் 60,000ஐ டெம்போவால் வகுங்கள், ஒரு பீட்டுக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று வரும். டெம்போ 96 என்றால் 625. அதில் முக்கால் பங்கு, அதாவது சுமார் 469, டாட்டட் எட்டாம் நோட்டு. அது தாளத்தின் மேல் நேராக விழாமல் இடுக்கில் விழுவதால் சொல்லை மறைக்காது.

தொலைபேசியில் பேசுவது போன்ற குரல்?

பழைய தொலைபேசி இணைப்பு கடத்தியது சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். ஹை பாஸை 300லும் லோ பாஸை 3,400லும் வைத்து, மேலே கொஞ்சம் டிஸ்டார்ஷன் தூவினால் போதும். கிளிப்பிலேயே செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். டிராக்கிலிருந்து ஒரு பெரிய ரிவெர்புக்கு ஒலியின் நகல் ஒன்று (சென்ட்) போய்க்கொண்டிருந்தால் கிளிப் எஃபெக்ட் அதை நிறுத்தாது. தொலைபேசிக் குரல் பெரிய மண்டபத்துக்குள் எதிரொலித்தால் மொத்த மாயமும் கலைந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் கிளிப்பைத் தனி டிராக்குக்கு மாற்றுவதுதான் சுத்தமான வழி.

எஃபெக்ட் போட்ட கிளிப்பை நடுவில் வெட்டினேன். வெட்டிய இடத்தில் ஒலி துள்ளுகிறது. என்ன காரணம்?

வெட்டியதும் இரண்டு பாதிக்கும் எஃபெக்ட்டின் தனித்தனி நகல் கிடைக்கிறது. அமைப்புகள் ஒன்றுதான், ஆனால் இரண்டாவது நகலுக்கு முன்கதை தெரியாது. முதல் பாதியில் கம்ப்ரஸர் 6 டெசிபெல் அழுத்திப் பிடித்திருந்தது என்று வையுங்கள். இரண்டாவது பாதியின் கம்ப்ரஸர் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. அட்டாக் 15 மில்லிசெகண்ட் என்றால் அது பிடியை இறுக்கும் வரை ஒலி தலைக்கு மேல் எகிறும். அந்தத் துள்ளல்தான் உங்களுக்குக் கேட்கிறது. ரிவெர்ப், டிலே, கோரஸ் எல்லாவற்றிலும் இதே கதை. முதல் பாதியின் வால் அறுபடும், கோரஸின் ஊசலாட்டம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

ஈக்யூவுக்கு இந்த ஞாபகம் மிகக் குறைவு என்பதால் ஒரு சின்ன கிராஸ்ஃபேட் போதும். கம்ப்ரஸருக்கும் ரிவெர்புக்கும் அது போதாது. முதலில் ரெண்டர் செய்துவிட்டு (எஃபெக்ட்டோடு புதுக் கோப்பாகப் பதித்துவிட்டு) அதன் பிறகு வெட்டுங்கள், அல்லது எல்லா வெட்டுகளையும் முடித்துவிட்டு மௌனம் இருக்கும் இடம் பார்த்து எஃபெக்ட் போடுங்கள்.

கிளிப்பை நகலெடுத்தால் எஃபெக்ட்டும் வருமா?

வரும். ஆனால் நகலெடுத்த பிறகு ஒன்றில் செய்யும் மாற்றம் மற்றதற்குப் பொதுவாகப் போகாது. ஆகவே முதலில் சரியாக்குங்கள், அப்புறம் நகலெடுங்கள்.

கிளிப் எஃபெக்ட் அதிகமானதும் கணினி திணறுகிறது.

ஒவ்வொரு கிளிப்பிலும் இருப்பது ஒரு தனி ப்ளக்இன். நாற்பது துண்டில் போட்டால் நாற்பது. ஓடும் கோடு அந்தக் கிளிப்பைத் தொடாதபோது கணக்கீடு குறையலாம், ஆனால் நினைவகத்தில் அத்தனையும் உட்கார்ந்திருக்கும். ஈக்யூவில் இது பெரிதாகத் தெரியாது. கன்வல்யூஷன் ரிவெர்ப், இரைச்சல் நீக்கும் ப்ளக்இன் மாதிரி கனமானவற்றில் புராஜெக்ட் திறக்கவே நேரம் பிடிக்கும்.

இரைச்சல் நீக்குவது, சொடுக்குச் சத்தம் எடுப்பது போன்ற பழுதுபார்ப்பு வேலைகளை நான் ஒரு நாளும் ஓடவிட்டு வைப்பதில்லை. முடிந்ததும் பதித்துவிடுவேன். மிக்ஸிங்கின் நடுவில் "இன்னும் 2 சதவீதம் இரைச்சல் குறைக்கலாமோ" என்று நோண்டிக்கொண்டிருக்கும் வாய்ப்பே எனக்கு வேண்டாம்.

ரெண்டர் செய்தால் திரும்ப முடியுமா? தரம் குறையுமா?

பெரும்பாலும் திரும்பலாம். ஸ்டூடியோ ஒன்னில் ரெண்டர் செய்த பிறகும் பழைய நிலைக்கு வரலாம். ரீப்பரில் எஃபெக்ட்டைப் பதித்தால் அது புதிய டேக்காக வரும், பழைய டேக் அடியில் அப்படியே இருக்கும். இப்படிப்பட்ட வசதி இல்லாத மென்பொருளில் பதிக்கும் முன் மூலத் துண்டை நகலெடுத்து ஒரு டிராக்கில் மியூட் செய்து ஒதுக்கி வையுங்கள். 'பழையது' என்று ஒரு டிராக், நிறம் சாம்பல். நீங்கள் நினைப்பதை விட அதிகமாக அங்கே போய்வருவீர்கள்.

தரத்தைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது ஒன்றுதான். 32 பிட் ஃப்ளோட்டில் ரெண்டர் செய்யுங்கள். 24 பிட்டில் எழுதும்போது எஃபெக்ட் கொடுத்த ஏற்றத்தால் ஒலி 0 டெசிபெல்லைத் தாண்டியிருந்தால் அலையின் தலை வெட்டப்பட்டுவிடும், பிறகு கெயினை இறக்கினாலும் அது தட்டையாகவே இறங்கும். ஃப்ளோட்டில் எழுதிய கோப்பில் தலை அப்படியே இருக்கும். இறக்கினால் முழு அலையும் திரும்பக் கிடைக்கும்.

பல மைக்கில் எடுத்த டிரம்ஸில் ஒரு அடிக்கு மட்டும் எஃபெக்ட் போடலாமா?

கெயின் என்றால் தயங்காமல் போடுங்கள். ஈக்யூ என்றால் யோசியுங்கள். ஸ்னேர் அடி அதன் சொந்த மைக்கில் மட்டுமில்லை, மேலே தொங்கும் மைக்குகளிலும் பதிவாகியிருக்கிறது. வழக்கமான ஈக்யூக்கள் அளவோடு ஃபேஸையும் (அலை ஏறி இறங்கும் நிலையையும்) நகர்த்தும். இரண்டாம் படி ஹை பாஸ் ஃபில்டர் ஒன்று அதன் வெட்டு அலைவெண்ணில் 90 பாகை நகர்த்துகிறது. ஸ்னேர் மைக்கின் ஒரு அடியை மட்டும் இப்படி நகர்த்தினால் மேலே உள்ள மைக்குகளோடு அது சேரும் விதம் அந்த ஒரு அடியில் மட்டும் மாறும். மற்ற அடிகள் கெட்டியாகவும் இது மட்டும் டொக்காகவும் கேட்கும். அந்த அடியை வேறொரு நல்ல அடியால் மாற்றுவது பல நேரம் இதைவிடச் சுலபம்.

ஒரே குரல் கிளிப்பை இரண்டு டிராக்கில் வைத்து ஒன்றில் மட்டும் ஃபில்டர் போடுபவர்களுக்கும் இது பொருந்தும்.

லீனியர் ஃபேஸ் ஈக்யூ போட்டால் கிளிப் தள்ளிப் போகுமா?

அந்த ஈக்யூ வழக்கமானதைப் போல ஃபேஸைக் குலைக்காது, அதற்காக முன்கூட்டியே பார்க்க அதற்கு நேரம் வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் 2,048 சாம்பிள் என்றால் ஏறக்குறைய 43 மில்லிசெகண்ட். மென்பொருள் பொதுவாக அதை ஈடுசெய்துவிடும். ஆனால் சில ப்ளக்இன்கள் தாமதத்தைத் தவறாகச் சொல்லும், அப்போது அந்த ஒரு துண்டு மட்டும் தாளத்தில் பின்தங்கும். சந்தேகம் வந்தால் பதித்துவிட்டு, மூலத் துண்டோடு மேலும் கீழுமாக வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அலைகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று கண்ணே சொல்லிவிடும்.

சுருதி திருத்தும் மெலடைன் போன்றவையும் கிளிப் எஃபெக்ட்தானா?

உட்காரும் இடத்தைப் பார்த்தால் அப்படித்தான். ஏஆர்ஏ என்ற இணைப்பு முறை 2011இல் வந்த பிறகு ப்ளக்இன் கிளிப்பின் முழு ஒலியையும் முன்கூட்டியே படிக்க முடிகிறது, ஓடவிட்டுப் பிடிக்க வேண்டியதில்லை. ஸ்டூடியோ ஒன்னில் அது ஈவென்டின் மேல் உட்காரும், ரீப்பரில் டேக்கின் மேல் வைக்கலாம். லாஜிக்கில் டிராக்கின் முதல் இடத்தில் வைக்க வேண்டும். எங்கே வைத்தாலும் அதுவே முதலில் இருக்கட்டும். சுருதியைத் திருத்திவிட்டு ஈக்யூ, ரிவெர்ப். ரிவெர்ப் படிந்த குரலில் சுருதி தேடினால் எந்த மென்பொருளும் குழம்பும்.

மிடி கிளிப்பில் ஆடியோ எஃபெக்ட் போடலாமா?

மிடி கிளிப்பில் ஒலி இல்லை, வாசிக்க வேண்டிய குறிப்பு மட்டும்தான் இருக்கிறது. ஆகவே ஆடியோவாக மாற்றிய பிறகுதான் போட முடியும். ரீப்பர் இதற்கு விதிவிலக்கு. அங்கே மிடி ஐட்டத்துக்குள்ளேயே சிந்தசைசரை வைத்து, அதன் பின்னால் எஃபெக்ட்டையும் வைக்கலாம்.

சொல் தொடங்கும் முன்னே அதன் ரிவெர்ப் உறிஞ்சிக்கொண்டு வருவது போல் கேட்க என்ன செய்ய வேண்டும்?

சொல்லின் முதல் அசையை மட்டும் நகலெடுத்து அதைப் பின்னோக்கித் திருப்புங்கள், அதாவது ரிவர்ஸ். அந்தத் துண்டை வலப்பக்கம் மூன்று நான்கு வினாடி மௌனத்தால் நீட்டுங்கள். அதில் நீளமான ரிவெர்ப் ஒன்றை 100 சதவீதம் ஈரமாகப் போட்டுப் பதியுங்கள். இப்போது பதிந்ததை மறுபடி ரிவர்ஸ் செய்யுங்கள். வால் முன்னால் வந்துவிடும், மெல்ல எழுந்து பெருத்துக்கொண்டே போகும். அது உச்சத்தைத் தொடும் இடம் மூலச் சொல் தொடங்கும் இடத்தோடு மோதும்படி நகர்த்தி வைத்து, முன்பக்கம் நீளமான ஃபேட் இன் கொடுங்கள். ஒரு பாடலில் ஒரு முறை செய்தால் மயிர்க்கூச்செறியும். நான்கு முறை செய்தால் கேட்பவர் எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

புராஜெக்ட்டை வேறொருவருக்கு அனுப்பினால் கிளிப் எஃபெக்ட்களும் போகுமா?

அதே மென்பொருள், அதே ப்ளக்இன்கள் அவரிடமும் இருந்தால் போகும். வேறு மென்பொருளுக்கு ஏஏஎஃப் (மென்பொருள்களுக்கிடையே புராஜெக்ட்டைக் கடத்தும் கோப்பு) வடிவில் அனுப்பினால் கிளிப்பின் இடமும் ஃபேடும் போய்ச் சேரும், கெயினும் பல நேரம் போகும், ப்ளக்இன்கள் போகாது. நீங்கள் சரிசெய்த 'பொம்' எல்லாம் அவர் வீட்டில் மறுபடி பிறக்கும். பழுதுபார்த்ததைப் பதித்து அனுப்புங்கள். அழகுக்காகப் போட்டவற்றை இரண்டு விதமாகவும் அனுப்புங்கள், போட்டது ஒன்று, போடாதது ஒன்று.

எந்தக் கிளிப்பில் என்ன போட்டேன் என்பதே மறந்துபோகிறது.

எல்லோருக்கும் மறக்கிறது. ஒரு முறை இரண்டாம் சரணத்தில் மட்டும் குரல் கூர்மையாகக் கேட்கிறது என்று டிராக் ஈக்யூவை நோண்டி, பஸ்ஸை நோண்டி, ஸ்பீக்கர் மேல் சந்தேகப்பட்டு, ஹெட்ஃபோனை மாற்றி ஒரு மாலையையே தொலைத்தேன். கடைசியில் பார்த்தால் இரண்டு வாரத்துக்கு முன் நானே அந்தக் கிளிப்பில் 8 கிலோஹெர்ட்ஸை 5 டெசிபெல் ஏற்றி வைத்திருந்தேன். அன்று ஏதோ சோதனைக்குப் போட்டது. மிக்ஸரில் எங்குமே தெரியாது, கிளிப்பின் ஓரத்தில் ஒரு பொடி எழுத்து மட்டும்.

அதிலிருந்து எஃபெக்ட் போட்ட கிளிப்புக்கெல்லாம் ஒரே நிறம் கொடுத்துவிடுகிறேன், பளிச்சென்ற ஆரஞ்சு. பெயரிலும் 'ப கழித்தது', 'மங்கல் சரி' என்று இரண்டு சொல் சேர்த்துவிடுவேன். பதித்ததும் நிறத்தை எடுத்துவிடுவேன். மிக்ஸ் முடியும் நாளில் ஆரஞ்சு எதுவும் மிச்சமிருக்கக் கூடாது.

எஃபெக்ட் போட்டதும் நன்றாக இருப்பது போலத் தோன்றுகிறது, மறுநாள் கேட்டால் அப்படி இல்லை. ஏன்?

சத்தம் கூடியிருக்கும். 1 டெசிபெல் கூடினாலே காது அதை 'நன்றாக இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளும். எஃபெக்ட்டின் அவுட்புட்டை இறக்கி, பைபாஸ் செய்தாலும் (எஃபெக்ட்டைத் தற்காலிகமாக அணைத்தாலும்) செய்யாவிட்டாலும் ஒரே அளவில் கேட்கும்படி வைத்துவிட்டு ஒப்பிடுங்கள். தனியாக ஸோலோவில் கேட்காமல் இசையோடு சேர்த்து, இரண்டு பார் முன்னாலிருந்து ஓடவிட்டுக் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பைபாஸ் பொத்தானை ஏழெட்டு முறை வேகமாகத் தட்டி, எந்த நிலையில் நிற்கிறது என்று தெரியாமல் ஆன பிறகு கேட்டுப் பார்ப்பதும் உதவும். வித்தியாசம் தெரியவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.